முழங்காலுக்கு மேல் வளராத செடி

பதினொரு மணிக்கு உள்ளுக்கு வருவேன், அதற்குள் பார்த்து எடுத்து வை என்று சொல்லிவிட்டுக் கேதீஸ் காரிலேயே இருந்துகொண்டான். இப்போது பத்து இருபது, இன்னும் நாற்பது நிமிடம். நாற்பது நிமிடத்தில் ஒரு செடியைத் தெரிந்தெடுப்பது நளாயினிக்கு ஒரு வேலையே இல்லை. கிளிநொச்சியில் ஒன்பது வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவள், மோட்டார் சைக்கிளில் போய் வயல் வரம்பில் நின்று, தன் தகப்பனின் வயதுள்ள கமக்காரர்களுக்கு எந்த நெல்லை எந்தக் கிழமை விதைக்க வேண்டும் என்று சொன்னவள், அவர்களும் சொல்லுங்கோ பிள்ளை, சொல்லுங்கோ என்று கேட்டவர்கள். அந்த நளாயினிதான் இப்போது வின்னிபெக் நகரத்தின் ஓரத்தில் ஒரு நாற்றுப்பண்ணையில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே, ஈர மண்ணும் உரமும் மணக்கும் நீள மேசைகளுக்கு நடுவே, ஒரு சின்னப் பிளாஸ்ரிக் அட்டையை நாலாவது தடவையாக வாசித்துக்கொண்டு நிற்கிறாள். எழுத்துத் தெரிகிறது, பொருள் ஏறவில்லை. சோன் மூன்று, குளிர் வலயம். மைனஸ் நாற்பதையும் தாங்கும். வேகமாக வளரும். அடர்த்தியாகப் படரும். அடர்த்தியாக, அடர்த்தியாக என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள், சொல்லச் சொல்ல நெஞ்சுக்குள் காற்று குறைந்துகொண்டு வந்தது, அட்டையைத் தொட்டிக்குள் திரும்பக் குத்திவிட்டுப் பக்கத்துத் தொட்டியின் அட்டையை உருவினாள், அதிலும் அதேதான் எழுதியிருந்தது.

மூன்று நிபந்தனை. காரை ஓட்டிக்கொண்டே ஸ்ரியரிங்கில் இருந்த கையின் மூன்று விரலை நிமிர்த்திச் சொன்னான். “ஓகஸ்டுக்குள்ள என்ர உயரத்துக்கு மேல வரவேணும். விண்ரருக்குச் சாகக் கூடாது. அந்தக் கிழவியின்ர யன்னல் எங்கட டெக்கில இருந்து கொஞ்சமும் தெரியக் கூடாது. நீதானே படிச்சனீ, நீயே பாத்து எடு.” கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் விசயம், கோபமாகச் சொல்லியிருந்தால் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், அவன் அன்பாகச் சொன்னான், நீதானே படிச்சனீ என்று சொல்லும்போது அவளுடைய முழங்காலில் தட்டினான், கோயில் கூட்டத்தில் என்ர மனிசி பட்டதாரி என்று மற்றவர்களுக்குச் சொல்லும்போது வருமே ஒரு பெருமை, அந்தப் பெருமை. பிறகு காரை நிறுத்தியதும் உன்ர ஃபோனைத் தா, சார்ஜில போடுறன் என்றான். ஃபோனில் முக்கால்வாசிக்கு மேல் சார்ஜ் இருந்தது. கொடுத்தாள். கொடுக்காமல் விடலாம் என்ற எண்ணம் கை நீண்ட பிறகுதான் வந்தது, எப்போதும் அப்படித்தான், எண்ணம் அவளுடைய கைக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வருகிறது. அவனுக்குத் திருவிழாக் கூட்டம் ஃபோனிலேயே நடக்கிறது, தண்ணீர்ப் பந்தலுக்கு யார் பொறுப்பு என்று பேசுகிறார்கள், அவன் பேசினால் எல்லோரும் கேட்பார்கள், கேதீஸ் அண்ணை சொன்னால் சரி என்பார்கள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால், வரிசையாக நின்ற கார்களுக்கு நடுவே, அவனுடைய சாம்பல் நிறக் காரின் முன்கண்ணாடி வெயிலில் மின்னியது, உள்ளே அவன் இந்தப் பக்கம் பார்க்கிறானா குனிந்திருக்கிறானா என்று தெரியவில்லை, தெரியாவிட்டால் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

மேசைகளுக்கு மேலே தொங்கிய பலகையில் பிரைவசி என்று பெரிதாக எழுதியிருந்தது, இந்தப் பகுதியில் உள்ளவை எல்லாம் வேலிச் செடிகள், மறைப்புச் செடிகள், மே மாதத்து மூன்றாம் சனிக்கிழமை என்பதால் பாதி ஊரும் இங்கேதான் நின்றது, பனி இனி வராது என்று நம்பி வண்டில் வண்டிலாகச் செடிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிரைவசிக்குத் தமிழில் என்ன. தனிமை என்று சொல்ல முடியாது, தனிமை வேறு, அது அவளிடம் வேண்டிய அளவு இருக்கிறது. அந்தரங்கம். அந்தரங்கம் என்று நினைத்ததும் அந்தரம் என்ற சொல் வந்து முன்னால் நின்றது, ஊரில் அம்மா ஏன் பிள்ளை அந்தரப்படுறாய் என்று கேட்பாளே அந்த அந்தரம், அந்தப் பதற்றம், இரண்டுக்கும் ஏதாவது தொடர்பு இருக்குமோ, இருக்காது, சத்தம் மட்டும்தான் ஒன்று, ஆனால் அவளுடைய வீட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. பேசாமல் செடியைப் பார், பத்து இருபத்தாறு ஆகிவிட்டது. சீடர் மரம். இலை கொட்டாது, பனிக்குச் சாகாது, வரிசையாக வைத்தால் சுவர்தான், ஆனால் வருடத்துக்கு ஓர் அடிக்கு மேல் வளராது, அவனுக்குப் பொறுமை இல்லை, நல்லது, பொறுமை இல்லாதது நல்லது, சீடர் வேண்டாம். கரகானா. இந்தச் சமவெளியில் காற்றுத் தடுப்புக்கு நூறு வருடமாக வைக்கிறார்கள், எந்த மண்ணிலும் வரும், எவ்வளவு குளிரிலும் நிற்கும், மூன்று வருடத்தில் ஆளுயரம். மூன்று வருடம். மூன்று வருடம் அந்த யன்னல் தெரியும், மூன்று வருடத்தில் ஏதாவது நடக்கலாம், அவன் மாறலாம், அவள் சாகலாம், அந்த யன்னலுக்குரிய கிழவி ஒல்கா சாகலாம். ஒல்காவுக்கு எழுபத்தொன்பது வயது. ஒல்கா செத்தால் அந்த வீட்டை யார் வாங்குவார்கள், அவர்கள் குசினி யன்னலுக்குத் திரை போடுவார்களா. சீ, என்ன நினைப்பு இது, ஒரு மனிசி சாவதைப் பற்றி யன்னலை வைத்து யோசிக்கிறாய்.

ஆனால் யன்னல்தான் எல்லாம். பின்வளவுகள் இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கின்றன, நடுவில் இடுப்பளவு கம்பி வேலி, ஒல்காவின் வீடு மேடான நிலத்தில் இருப்பதால் அவளுடைய குசினி யன்னல் அவர்களின் பின்கதவுக்கு வெளியே உள்ள பலகை டெக்குக்கு நேர் மேலே திறந்திருக்கிறது. ஆறடிக்கு மேல் பலகை வேலி அடிக்க நகரசபை விடாது, ஆறடி அடித்தாலும் அந்த யன்னல் அதற்கு மேலாலே பார்க்கும், அதனால்தான் செடி, செடிக்கு உயரக் கட்டுப்பாடு இல்லை, அதை இணையத்தில் தேடிக் கண்டுபிடித்ததும் கேதீஸ்தான். காலையில் ஏழு மணிக்கு ஒல்கா அந்த யன்னலில் நின்று கோப்பை கழுவுவாள், நளாயினி இந்தப் பக்கம் கீரைச் சட்டியை வெயிலில் வைக்க வருவாள், ஒல்கா ஈரக் கோப்பையை ஒரு தடவை உயர்த்திக் காட்டுவாள், அவ்வளவுதான், இரண்டு பேரும் ஐந்து வருடத்தில் மொத்தமாக நூறு சொல்லுக்கு மேல் பேசியிருக்க மாட்டார்கள். அந்த ஜனவரி வரைக்கும் அது ஒரு யன்னல், அந்த ஜனவரிக்குப் பிறகு அது வேறு.

அதை நினைக்காதே என்றாள் தனக்கு. நினைக்காதே என்று சொன்னவுடன் இடது காலின் கடைசி இரண்டு விரலும் நினைத்துக்கொண்டன, அவை அன்றிலிருந்து முழுதாக உயிர் பெறவில்லை, சப்பாத்துக்குள் வேறு யாருடைய விரல்களோ போலக் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முந்தின நாள் சிறீகாந்தன் அண்ணையும் மனைவியும் சாப்பிட வந்திருந்தார்கள், நளாயினி சோறு போட்டுக்கொண்டே, நூலகத்தில் இங்கிலிஷ் வகுப்பு நடக்குதாம், நானும் போகலாம் என்று பார்க்கிறேன் என்று அவர்கள் முன்னால் சொல்லிவிட்டாள். கேதீஸ் சிரித்தான், ஓமோம் போகட்டுமே என்றான், அப்பளத்தை நொறுக்கினான். அடுத்த நாள் சாப்பிட்டு முடித்துப் பின்கதவைத் திறந்து, “இஞ்ச வா நளா, ஒண்டு காட்டுறன்” என்றான். ஏதோ பறவை வந்திருக்கிறது என்றுதான் நினைத்தாள். வெளியே வந்ததும் முதுகில் கை பட்டது, கதவு சாத்தியது, பூட்டு விழுந்தது, மெல்லிய சத்தம், டிக். மைனஸ் இருபத்தேழு. ஹவுஸ்கோட்டும் காலுறையும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் கதிரையில் இருந்து ஒரு தோடம்பழத்தை உரித்தான், தோலை அறுபடாமல் சுருளாக உரிப்பான், அதில் கெட்டிக்காரன். அடுப்பு மணிக்கூட்டின் பச்சை எண்கள் கண்ணாடிக்குள்ளால் தெரிந்தன, ஒன்று பதினேழு. அவள் தட்டவில்லை. கத்தவில்லை. ஏன் கத்தவில்லை. ஜனவரியில் இருந்து இந்த மே வரைக்கும் ஒவ்வொரு நாளும் தோசை வார்க்கும்போதும் துணி மடிக்கும்போதும் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து சிக்குகிறாள், ஏன் கத்தவில்லை, அயலட்டைக்குக் கேட்டுவிடும் என்று வெட்கப்பட்டாளா, கத்தினால் இவளுக்குச் சுகமில்லை என்று அவன் மற்றவர்களுக்குச் சொல்வது உண்மையாகிவிடும் என்று நினைத்தாளா, வன்னியில் ஷெல் விழுந்தபோது பதுங்குகுழிக்குள் பன்னிரண்டு பேரோடு சேர்ந்து கத்தியவள்தானே, அப்போது கத்த வெட்கமாக இருக்கவில்லையே. ஒன்று இருபது, ஒன்று இருபத்தைந்து, காலுறை டெக்கின் பலகையோடு ஒட்டிக்கொண்டது, பிறகு குளிர் தெரியவில்லை, அதுதான் பயம், குளிர் தெரியாமல் போனதுதான்.

அப்போது ஒல்கா பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள், வீட்டு உடுப்புக்கு மேல் ஆண்களின் கோட்டுப் போட்டிருந்தாள், கையில் பனி அள்ளும் சவள். அவள் எதுவும் கேட்கவில்லை. தன் படியின் இரும்புக் கைப்பிடியில் சவளால் ஓங்கி அடித்தாள். டங். கேதீஸின் கதவையே பார்த்துக்கொண்டு மறுபடியும் அடித்தாள். டங். கோயில் மணி அடிப்பதுபோல ஒரே இடைவெளியில் அடித்துக்கொண்டே நின்றாள், எழுபத்தொன்பது வயதுக் கை, மூன்று வீடு தள்ளி ஒரு நாய் குரைத்தது, யாரோ யன்னலைத் திறந்தார்கள். கேதீஸ் எழும்பி வந்து பூட்டைத் திறந்தான், கதவு தானாகப் பூட்டிக்கொண்டது என்று ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டே ஒல்காவுக்குக் கை காட்டினான். ஒன்று இருபத்தெட்டு. பதினொரு நிமிடம். பிறகு சுடுதண்ணீர் வாளியில் அவளுடைய காலை வைத்து அவனே உருவிவிட்டான், அழுதான், உண்மையாகவே அழுதான், என்னைக் கோபப்படுத்தாதை நளா, நான் கெட்டவன் இல்லை என்றான். கெட்டவன் இல்லை. முள்ளந்தண்டில் அடிபட்ட யாரோ ஒரு பொடியனுக்கு ஊரில் வீடு கட்டிக் கொடுத்தவன், ஞாயிறு தவறாமல் அவளுடைய அம்மாவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துச் சுகம் விசாரிப்பவன், அம்மாவும் மாப்பிள்ளை தங்கம் என்பாள், அவன் பக்கத்தில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். அடுத்த கிழமையே சொன்னான், இந்தக் கிழவி எந்த நேரமும் எட்டிப் பாத்துக்கொண்டு நிக்குது, எங்களுக்கு ஒரு பிரைவசி வேணும்.

“உங்களுக்கு உதவி வேணுமா?” என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் கேட்டது. நளாயினி திடுக்கிட்டு ஒரு தொட்டியைத் தட்டிவிட்டாள், மண் மேசையில் சிந்தியது, மன்னிக்கவும் மன்னிக்கவும் என்று இரண்டு கையாலும் மண்ணைக் கூட்டி அள்ளினாள். பச்சை ஏப்ரன் கட்டிய பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும், பிலிப்பைன்ஸ்காரி, சட்டையில் ரோஸலின் என்று எழுதியிருந்தது. பரவாயில்லை, மண்தானே என்று அவள் சிரித்தாள். “எதுக்குச் செடி பாக்கிறீங்க?” வேலிக்கு என்றாள் நளாயினி. வேகமாக வளர வேண்டும். உயரமாக. குளிருக்குச் சாகாமல். அவன் சொன்ன மூன்றும் அவன் சொன்ன வரிசை மாறாமல் அவளுடைய வாயில் இருந்து வந்தன, தன்னுடைய குரலில் அவற்றைக் கேட்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. “அப்படியென்றால் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது,” என்று ரோஸலின் உற்சாகமாக அவளை அழைத்துக்கொண்டு போனாள், “ஹொப்ஸ் கொடி. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளரும், நான் பொய் சொல்லவில்லை, ஜூலையில் ஒரு நாளைக்கு ஒரு சாண் ஏறும். கம்பும் வலையும் கட்டிவிட்டால் ஓகஸ்டில் முழுதாக மூடிவிடும்.” கம்பு இருக்கிறது. எட்டடிக் கம்பு பன்னிரண்டு, மார்ச் மாதமே வாங்கிக் கராஜில் சாத்தி வைத்திருக்கிறான். குளிர் வந்தால் என்று கேட்டாள். “தரைக்கு மேலே இருப்பது காய்ந்துவிடும், வேர் சாகாது, வசந்தத்தில் திரும்ப வரும்.” காய்ந்துவிடும் என்றதும் நளாயினிக்குள் ஏதோ ஒன்று தலையைத் தூக்கியது, காய்ந்துவிட்டால் ஒக்ரோபரில் யன்னல் திரும்பத் தெரியும், இரண்டு மாதம்தான் மறைப்பு, ஓகஸ்ட், செப்ரெம்பர், அவை குளிரில்லாத மாதங்கள், வெளியே தள்ளிப் பூட்டினாலும் சாக மாட்டாள், இரண்டு மாதம் கவனமாக இருந்தால் போதும், யார் முன்னாலும் எதுவும் கேட்காமல், அவன் சொல்ல முதலே செய்து, இரண்டு மாதம் எல்லாராலும் முடியும். “காய்ந்த கொடியை வெட்டாதீங்க,” என்று ரோஸலின் சொல்லிக்கொண்டிருந்தாள், “வலையில் அப்படியே நிற்கட்டும், குளிர்காலம் முழுக்க அதுவே நல்ல மறைப்பு.”

தூக்கிய தலை திரும்பக் கீழே போனது. ஹொப்ஸ் இல்லை, ஹொப்ஸ் கூடாது. இவளிடம் எப்படிச் சொல்வது, எனக்கு வளராத செடி வேண்டும், சாகிற செடி வேண்டும் என்று. சாகிற செடி. ஏன் முதலே தோன்றவில்லை, சோன் ஆறு, சோன் ஏழு, இங்கே நட்டால் நவம்பரில் கருகிவிடும், அவற்றையும் விற்கிறார்கள்தானே, அழகான அட்டையோடு, எடுத்துக்கொண்டு போய் இது குளிர் தாங்கும் என்று சொன்னால் அவனுக்குத் தெரியவா போகிறது. தெரியும். அட்டையை வாசிப்பான். அட்டையை எடுத்துவிட்டால் அட்டை எங்கே என்பான், பிறகு செடி செத்ததும் கேட்பான், நீதானே படிச்சனீ என்று தொடங்குவான், மெல்லமாகத் தொடங்குவான், அதுவும் நவம்பரில். நவம்பரில் அந்தக் கேள்வி வரக் கூடாது. கேள்வி வருவதென்றால் வெயில் மாதத்தில் வரவேண்டும். என்ன கணக்கு இது, அடி விழும் மாதத்தைத் தெரிந்தெடுத்துக்கொண்டு நிற்கிறாய், கமக்காரர்களுக்கு விதைப்பு மாதம் சொன்ன வாய். பத்து நாற்பது. ரோஸலினை வேறு யாரோ கூப்பிட்டார்கள், இதோ வருகிறேன் என்று போனாள். பண்ணைக்குள் வெக்கையாக இருந்தது, மேலே குழாயில் இருந்து பனித்துளி போலத் தண்ணீர் விசிறியது, கழுத்து வியர்த்தது, இடது காலின் இரண்டு விரலும் மட்டும் ஜனவரியிலேயே நின்றன.

கதவோரத்தில், தரையில், யாரும் கவனிக்காத ஒரு தட்டில் அது இருந்தது. வெள்ளை விளிம்பு போட்ட பச்சை இலைகள், ஒரு தட்டுக்குப் பதினெட்டுச் சின்னச் சட்டி, சட்டிக்குள் இடம் போதாமல் அடியிலுள்ள ஓட்டையால் வேரை வெளியே விட்டிருந்தது. கவுட்வீட். அட்டையில் எச்சரிக்கை போலச் சிவப்பில் எழுதியிருந்தது: மிக வேகமாகப் பரவும், எந்த மண்ணிலும் வரும், நிழலிலும் வரும், ஒரு தடவை நட்டால் அகற்றுவது கடினம். சோன் இரண்டு. அவள் குந்தியிருந்து ஒரு சட்டியைத் தூக்கி வேரைப் பார்த்தாள், வெள்ளை வேர், கணுவுக்குக் கணு முளை, கோரையின் வேர் மாதிரித்தான், மண்வெட்டியால் நூறு துண்டாக வெட்டினாலும் நூறும் முளைக்கும், வயலில் இதைக் கண்டால் அவள் உடனே பிடுங்கி எரிக்கச் சொல்லியிருப்பாள். உயரம் என்ற இடத்தில் முப்பது சென்ரிமீற்றர் என்று இருந்தது. முழங்காலுக்கு வராது. எவ்வளவு பரவினாலும், வளவு முழுக்க மூடினாலும், வேலியைத் தாண்டினாலும், முழங்காலுக்கு மேல் வராது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, சத்தம் வராமல் வாயை மூடிக்கொண்டாள். வேகமாப் பரவுது, குளிருக்குச் சாகாது, இலை போடட்டும், பிறகு உயரும் என்று சொல்லலாம், ஜூன் மாதம் சொல்லலாம், ஜூலையும் சொல்லலாம், ஓகஸ்டில் அவன் டெக்கில் வந்து நின்று தரையைப் பார்ப்பான், பிறகு நிமிர்ந்து யன்னலைப் பார்ப்பான், பிறகு அவளைப் பார்ப்பான். அந்தப் பார்வையை இப்போதே பார்த்தாள், சிரிப்புப் போய்விட்டது. ஓகஸ்ட் வெயில் மாதம்தானே. ஓம், ஆனால் அவனுக்கு வேறு வழிகளும் தெரியும், ஜனவரிக்கு முதல் குளிர் இல்லாமலேதானே எல்லாம் நடந்தது, மாடிப்படி நடந்தது, குளியலறைக் கதவு நடந்தது. எந்தச் செடியை எடுத்தாலும் முடிவில் அந்தக் குசினிதான், அந்தக் கதவுதான், ஹொப்ஸ் என்றால் யாரும் பார்க்காமல், இது என்றால் ஒல்கா பார்க்க. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு நேரம் இங்கே நிற்கிறாளா. ஓம், அதுக்காகத்தான். தட்டை இரண்டு கையாலும் தூக்கினாள், பாரமாக இருந்தது.

“அதுவா?” என்று ரோஸலின் திரும்பி வந்து கேட்டாள். “அது தரையில் படர்வது, அம்மா. உங்கள் முழங்காலுக்குக்கூட வராது. நீங்கள் மறைப்பல்லவா கேட்டீர்கள்?” தெரியும் என்றாள் நளாயினி. ரோஸலின் தட்டைப் பார்த்தாள், அவளுடைய முகத்தைப் பார்த்தாள், மறுபடி தட்டைப் பார்த்தாள். “எதை மறைக்க வேணும் என்று சொன்னால் எனக்கு இலகு. குப்பைத் தொட்டியா, பெரிய ரோட்டா, அயல்வீடா?” நளாயினி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அயல்வீடு என்று சொல்வதற்குத்தான் திறந்தாள், அந்த ஆங்கிலச் சொல் நாக்கின் நுனியில் ஆயத்தமாக இருந்தது, ஆனால் வந்தது வேறு, “என்னை” என்றாள். தானே அதைக் கேட்டாள். சொன்னது சரியான ஆங்கிலமா என்று ஒரு கணம் யோசித்தாள், இலக்கணத்தை யோசித்தாள், பிறகுதான் பொருள் வந்து இறங்கியது, தட்டு ஒரு பக்கம் சரிந்தது. ரோஸலின் தட்டின் மற்றப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“எடுத்திட்டியே?” கேதீஸின் குரல். பத்து ஐம்பத்திரண்டு, எட்டு நிமிடம் முந்தி வந்துவிட்டான், காதில் இன்னும் ஃபோன் பேசும் நீலக் கருவி இருந்தது, கூட்டம் முடிந்த சந்தோசத்தில் இருந்தான். ரோஸலினுக்குக் காலை வணக்கம் சொன்னான், உங்கள் பண்ணை நல்ல வடிவாக இருக்கிறது என்றான், ஆங்கிலத்தில் அவனுக்கு எப்போதும் ஒரு பகிடி இருக்கும், என் மனைவியை விட்டால் கடை முழுவதையும் ஏற்றிவிடுவாள் என்றான். பிறகு தட்டைப் பார்த்தான். “என்ன இது சின்னனா இருக்கு? இதுதானா ஆக உயரமா வாறது?” தமிழில் அவளிடம் கேட்டதையே ஆங்கிலத்தில் ரோஸலினிடம் கேட்டான். நளாயினி ரோஸலினின் வாயையே பார்த்தாள். இவள் உண்மையைச் சொல்லிவிடுவாள், வேலைக்காரி, கேட்டால் சொல்லத்தானே வேண்டும், ஹொப்ஸை எடுத்துக் காட்டுவாள், அவன் ஹொப்ஸையும் எடுப்பான், ஏன் இதை எடுத்தாய் என்றும் கேட்பான், இரண்டும் நடக்கும். ரோஸலின் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். “உங்கள் மனைவிக்குச் செடியைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரியும்,” என்றாள். “அவரிடம் கேளுங்கள்.”

கேதீஸ் சிரித்தபடி அவள் பக்கம் திரும்பினான். பொய் ஆயத்தமாக இருந்தது, முதலில் பரவும் பிறகு உயரும், நாலே நாலு சொல், சொன்னால் இன்றைக்குத் தப்பலாம், இன்றும் நாளையும் ஜூன் மாதமும் தப்பலாம். எங்கோ தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. வண்டில்கள் உருண்டன. ஒரு கிழவர் தூரத்து மேசையில் ஜெரேனியத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு ஆட்கள் என்று நளாயினி நினைத்தாள், எவ்வளவு கண், பார்க்கப் பார்க்க ஆட்கள். “இல்லை,” என்றாள். “இது முழங்காலுக்கு மேல வளராது.”

“பிறகேன் எடுத்தனீ?”

“அந்த யன்னல் எனக்குத் தெரிய வேணும்.”

அவன் விளங்காதவன்போல அவளைப் பார்த்தான். அவள் அதையே ஆங்கிலத்தில் சொன்னாள், இந்த முறை அவனுக்கல்ல, ரோஸலினுக்கு, வினைச்சொல்லும் பெயர்ச்சொல்லும் பிசகி ஏதோ ஒரு மாதிரி வந்தது, அயல்வீட்டு அம்மா என்னைப் பார்க்க வேண்டும், பார்க்காவிட்டால் இவர் என்னை வெளியே வைத்துப் பூட்டுவார். சொல்லி முடித்ததும் காது அடைத்தது. கேதீஸின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, எடுக்க மறந்துபோன சிரிப்பு. “இவவுக்குக் கொஞ்ச நாளாச் சுகமில்லை,” என்று ரோஸலினிடம் ஆங்கிலத்தில் சொன்னான், மிகவும் மரியாதையாக. பிறகு அவளுடைய காதுக்குக் கிட்டக் குனிந்தான், தோடம்பழ வாசமும் சவர வாசமும். “வா. வீட்ட போய்க் கதைப்பம்.”

வீட்ட போய்க் கதைப்பம். ஐந்து வருடமாக இந்த மூன்று சொல்லுக்கு அவளுடைய உடம்பு எழும்பிப் பின்னால் போயிருக்கிறது, கல்யாண வீட்டில் இருந்து, கோயிலில் இருந்து, ஒரு தடவை வைத்தியர் வரமுதலே வைத்தியசாலையில் இருந்தும். “இஞ்சயே கதைப்பம்,” என்றாள். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது, பக்கத்தில் வண்டில் தள்ளிய ஒரு தம்பதி நின்று பார்த்தார்கள். கேதீஸ் அவர்களைப் பார்த்துத் தலையசைத்தான். “காரில இருக்கிறன். ரெண்டு நிமிசம்,” என்றான், திரும்பி நடந்தான், அவசரப்படாமல், வழியில் ஒரு ரோசாவைக் குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தான்.

வெளியே கார் ஹோர்ண் அடித்தது. ஒரு தடவை, சின்னதாக. நளாயினியின் கால் கதவுப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டது, அவள் வைக்கச் சொல்லவில்லை, கதவிடுக்கால் வந்த மே மாதக் குளிர்காற்று முகத்தில் பட்டபிறகுதான் தான் நடப்பது அவளுக்குத் தெரிந்தது. போனால் என்ன. போனால் இன்றைக்கு அடிக்க மாட்டான், கடையில் ஆட்கள் கேட்டுவிட்டார்கள், பயந்திருப்பான், அழுவான், சுடுதண்ணீர் வைப்பான். போகாவிட்டால் எங்கே போவது, உடுப்பு இல்லை, பாஸ்போட் அவனுடைய மேசை லாச்சியில், அம்மாவுக்கு யார் சொல்வது, அம்மா மாப்பிள்ளை தங்கம் என்பாளே. ஹோர்ண் இரண்டாவது தடவை அடித்தது, இந்த முறை நீளமாக. எண்ணம் கைக்குப் பின்னால் ஓடி வரட்டும், கை முதலில் போகட்டும் என்று அவள் நினைத்தாளோ, இல்லை அதைக்கூட நினைக்கவில்லையோ, திரும்பி வந்து ரோஸலினிடம் கையை நீட்டினாள். “ஒரு ஃபோன் வேணும்.”

பணம் கட்டும் இடத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு ஃபோன் இருந்தது. ரோஸலினே பொலிஸ் அவசர எண்ணை அழுத்தினாள், ஒன்பது, ஒன்று, ஒன்று, பண்ணையின் விலாசத்தை அவளே சொன்னாள், பிறகு ஃபோனை நளாயினியிடம் தந்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண், நிதானமான குரல், நீங்கள் காயப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்டது. கால்விரல் என்று சொல்ல வந்து, இன்று இல்லை என்றாள். அவர் இப்போது அங்கே இருக்கிறாரா. கண்ணாடிச் சுவரால் பார்த்தாள், காரின் கதவு திறந்திருந்தது, அவன் வண்டில்களுக்கு நடுவே வந்துகொண்டிருந்தான், கொஞ்சம் வேகமாக. “ஓம், வாறார்,” என்றாள் தமிழில், பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். ஃபோனை வைக்காதீர்கள், பேசிக்கொண்டே இருங்கள் என்றது குரல், உங்கள் பெயரைச் சொல்லுங்கள், எழுத்து எழுத்தாக. இந்த நாட்டில் அவளுடைய பெயரை அவளிடம் யாரும் எழுத்து எழுத்தாகக் கேட்டதில்லை, எல்லாப் படிவமும் அவன்தான் நிரப்பினான். என், என்றாள். ஏ. தூரத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த கிழவர் குழாயைப் பூட்டிவிட்டு இந்தப் பக்கம் வந்தார், ரோஸலின் ஒரு வண்டிலை இழுத்து வழியில் குறுக்கே விட்டாள். எல். ஏ. கதவு தானாகத் திறந்தது. கேதீஸ் உள்ளே வந்து வண்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றான், ஒரு கையை அவளை நோக்கி நீட்டியிருந்தான், பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நளா, அவ்வளவுதானா என்று குரல் கேட்டது. இல்லை, இன்னும் இருக்கிறது என்றாள். ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“வை,” என்றான் கேதீஸ்.

அடுத்த எழுத்தும் அதுதான்.

“வை,” என்று அவள் ஃபோனுக்குள் சொன்னாள். “ஐ. என். ஐ.”